ரேஷன் கடையில் ரோபோ

...இந்த இடத்தில் சிரிப்பு வந்திருக்க வேண்டுமே, வீட்டில் வந்ததே, கல்லில் தோசை கருகுவதுகூடத் தெரியாமல் சுவரில் சாய்ந்து சிரித்தேனே, அதே வசனம்தானே இது, ஒரு சொல்கூட மாறவில்லையே என்று மோகனப்ரியா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னூறு வருடம் தாண்டி எதிர்காலத்திலிருந்து வந்த ரோபோ ரேஷன் கடை வரிசையில் நிற்கிறது, கடைக்காரர் விரலை வைக்கச் சொல்கிறார், ரேகை விழவில்லை, நாளைக்கு வாங்க என்கிறார், ரோபோ விரலைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "அப்ப இது இங்கயே இருக்கட்டுங்க, விழுந்துச்சுன்னா சொல்லி அனுப்புங்க" என்கிறது. புதுக்கோட்டையின் அந்தத் தியேட்டரில் மதியக் காட்சிக்கு வந்திருந்த முப்பது பேரில் ஒருவரும் அசையவில்லை, யாரோ நீளமாகக் கொட்டாவி விட்டார், அது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. பக்கத்தில் அவள் கணவன் பிராங்க்ளின், இந்தப் படத்துக்கு வசனம் எழுதியவன், திரையைப் பார்க்கவில்லை, தன்னைத்தான் பார்க்கிறான் என்பது அவளுக்குத் திரும்பாமலே தெரிந்தது. சிரித்துவிடலாமா, சும்மாவாவது... வரவில்லையே, வேண்டுமென்று சிரித்தால் அவனுக்குத் தெரியாதா என்ன.

வீட்டில் எப்படிச் சிரித்தோம்... கீரனூர்ப் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தவன், சாயங்காலம் சட்டையைக்கூட மாற்றாமல் அடுக்களை வாசலில் வந்து நிற்பான், தோசைத் திருப்பியைப் பிடுங்கிக்கொண்டு அதுதான் ரோபோவின் கை என்பான், கடைக்காரர் பேசும்போது ஒரு தோளைத் தூக்குவான், ரோபோ பேசும்போது கண்ணை இமைக்கவே மாட்டான், இமைக்காமல் கண்ணில் தண்ணீர் கட்டிவிடும், அதைப் பார்த்துத்தான்... அதைப் பார்த்துத்தானா? வசனத்துக்கு இல்லையா? "இது ஓடுமா பிரியா, நெசமாச் சொல்லு" என்று அவன் கேட்டபோது, "வேலைய விட்டுட்டு எழுதுங்க, என் ஒருத்தி சம்பளம் போதும்" என்று சொன்னவள் அவள்தான், ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாள் முழுக்க ஊசி குத்திவிட்டு வந்த களைப்பிலும் அதைச் சொன்னாள், மூன்று வருடம் ஆகிறது. எழுதியதைப் படம் எடுத்தவர்களைத் தவிர அவன் வேறு யாரிடமும் காட்டவில்லை, காட்டவே தேவையில்லை என்று நினைத்திருந்தான், நீ சிரிச்சுட்டேல்ல, அது போதும் என்றான். பொய்யாகச் சிரிக்கவில்லையே ஒருநாளும், வயிறு வலிக்கத்தானே சிரித்தேன், அப்படியானால் எது தப்பாய்ப் போனது, எந்த இடத்தில்...

அப்போதுதான் அது நடந்தது. ரோபோ வயல் வரப்பில் நின்று மனிதகுலத்தின் அழிவைப் பற்றி நீளமாகப் பேசிக்கொண்டிருக்க, ஓர் ஆடு பின்னால் வந்து அதன் இடுப்பில் தொங்கிய வயரை மோந்து பார்த்தது, கடித்தது, ருசி பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிற்று. தியேட்டர் மொத்தமும் சிரித்தது, கொட்டாவிக்காரர் கைதட்டினார், அவளுக்கும் அடக்க முடியாமல் பொத்துக்கொண்டு வந்தது, அப்பாடா, அப்பாடா என்று மனசு குதித்தது, இருட்டில் தடவி அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை அப்படியே கிடந்தது.

"அது நான் எழுதுனதில்ல பிரியா" என்றான் மெதுவாக. "ஆடு தானா வந்துருச்சாம். எடிட்டர் வெட்டாம விட்டுட்டாரு."

அதன்பிறகு படம் எப்படி முடிந்தது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. கையை எடுப்பதா வைத்திருப்பதா என்பதிலேயே ஒரு மணி நேரம் ஓடிற்று.

வெளியே வெயிலில் கண் கூசியது. வண்டியை எடுத்துக்கொண்டு திருச்சி சாலையில் ஊருக்குத் திரும்பினார்கள், பின்னால் உட்கார்ந்து அவள் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள், என்ன சொல்லலாம், நல்லாத்தான் இருந்துச்சு என்றா, அந்த நடிகருக்கு நடிக்கத் தெரியல என்றா, நீங்களே நடிச்சிருக்கலாம் என்றா... நார்த்தாமலைப் பக்கம் பாறைகள் தெரியத் தொடங்கியபோது அவனாகவே வாயைத் திறந்தான்.

"ஸ்டாண்டுல டோக்கன் குடுக்குறவரு என்ன சொன்னாரு தெரியுமா?" என்று ஆரம்பித்தவன், வெற்றிலை அடக்கிய வாயோடு அண்ணாந்து பேசும் அந்த மனிதராகவே மாறினான், ஒரு தோள் ஏறிவிட்டது. "எல்லா வண்டியும் இடைவேளையிலயே போயிருச்சு சார், ஒங்க வண்டி மட்டும் நிக்கிது. பாவம், சாவியத் தொலைச்சுட்டு அங்கிட்டு இங்கிட்டுத் தேடிக்கிட்டு இருக்கீங்களாக்கும்னு நெனச்சேன்."

அடிவயிற்றிலிருந்து அவளுக்குச் சிரிப்பு கிளம்பியது. சிரிக்கலாம்தானே, இது சிரிப்புதானே, ஆனால் சிரித்தால் நாளைக்கு இதையும் உட்கார்ந்து எழுதிவிடுவானோ, இன்னும் மூன்று வருடம்... வாயை அவன் முதுகில் அழுத்திக்கொண்டாள், அடக்க அடக்க உடம்பு குலுங்கியது.

வண்டியின் வேகம் குறைந்தது. "என்ன பிரியா... அழுவுறியா?" என்றான்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். முகத்தைப் பார்க்காவிட்டால் இவனுக்கு என் சிரிப்புத் தெரியாதா... இது சிரிப்புதானா... பின்னால் வந்த பேருந்து ஹாரன் அடித்துவிட்டு அவர்களைத் தாண்டிப் போயிற்று. அவன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல், அவள் சொல்வதற்காகக் காத்திருந்தான்.