தோக்கியோவைப் பார்த்த வாசல்

கயிற்றின் ஒரு நுனி தச்சர் கருப்பையாவின் கையில் இருந்தது. மறு நுனியைத் தெரசம்மாளின் பாதத்தருகே லியோனார்ட் பிடித்துக்கொண்டிருந்தார். தேயிலைத் தோட்டத்துக் கணக்கையும் ஆட்களையும் பார்க்கும் பெரிய கிராணியாக இருந்த இத்தனை வருஷத்தில் அவர் எதையும் பிடித்துக்கொண்டு நின்றதில்லை, பிடிக்கச் சொல்வார். இன்று சொல்வதற்கு ஆள் இல்லை. ஆண்களில் பாதிப் பேரை ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோயிருந்தார்கள். மீதிப் பேர் அவர் மனைவிக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

“இறுக்கிப் பிடிங்கய்யா. தொங்குது.”

லியோனார்ட் இறுக்கிப் பிடித்தார். கருப்பையா தலைமாட்டில் ஒரு முடிச்சுப் போட்டார். கயிற்றில் ஏற்கனவே சில முடிச்சுகள் இருந்தன. போன வருஷம் பள்ளிக்கூடம் கட்ட இடம் அளந்ததும் இதே கயிறுதான்.

“பெட்டிக்குப் பலகை இல்லையேய்யா. ஃபேக்டரில தேயிலைப் பெட்டி நாலஞ்சு கெடக்கு. பிரிச்சு அடிச்சுடலாமா?”

லியோனார்டுக்குச் சுருக்கென்றது. பெரிய கிராணியின் மனைவி கப்பலேறும் சரக்கு மாதிரியா போவாள்?

“அது கனம் தாங்காது,” என்றார். உண்மையிலும் தாங்காதுதான். அவருடைய கௌரவமும் உண்மையும் ஒரே பக்கம் நிற்பது அபூர்வம்.

தாயின் விரல்களில் செபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்த ரீட்டா நிமிராமலே சொன்னாள்: “பள்ளிக்கூடத்துல பலகை இருக்குப்பா.”

கருப்பையா லியோனார்டைப் பார்த்தார்.

பழைய பள்ளிக்கூடத்தை ஜப்பான்காரர்கள் அரிசிக் கிடங்காக எடுத்துக்கொண்டு, வெள்ளைக்காரத் துரையின் குதிரை லாயத்தைப் பிரித்து வேறொன்று கட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். காலையில் பிள்ளைகள் தோக்கியோ இருக்கும் திசையைப் பார்த்துக் குனிந்து வணங்க வேண்டும் என்பது உத்தரவு. கட்டடமும் வணங்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதை லியோனார்ட் தாமாகவே யோசித்துக் கண்டுபிடித்தார். ஓடிப்போன துரையின் மேசையிலிருந்து திசைகாட்டியை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறி, வாசல் வடகிழக்கில் வரும் என்று அறிவித்தார். எதிரே வரிசையாக நின்ற மரங்களை வெட்டவும் சொன்னார்.

“மரத்த ஏங்க வெட்டறீங்க? காத்தத் தடுக்கறதே அதுதான்,” என்றாள் தெரசம்மாள். வாத்தியாரும் சயாமுக்குப் போய்விட்ட பிறகு, பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னது அவள்தான்.

“மரம் மறைச்சா தோக்கியோ எப்படித் தெரியும்?”

“வெட்டினா தெரியுமா?”

அன்றும் கயிறு பிடித்திருந்த கருப்பையா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்காகவே அன்று பொழுது சாய்வதற்குள் மரங்கள் எல்லாம் விழுந்தன.

தெரசம்மாள் அதற்குப் பிறகும் விடவில்லை. மேட்டின் மறுபக்கம் போய் ஒரு முளையை ஊன்றினாள்.

“வாசல கீழ லயத்து வீடுங்களப் பாத்து வைங்க. இந்தப் பக்கம் சாரல் அடிக்காது. கொழுந்து எடுக்கற எடத்துல இருந்து அம்மாங்க பாத்துக்குவாங்க, புள்ளைங்களும் அம்மாவப் பாக்கும். தாழ்ப்பாளக் கீழ வைங்க, சின்னதுக்கும் எட்டணும். யாராவது வந்து தொறந்துவிடற வரைக்கும் ஒரு புள்ள வெளிய நிக்கக் கூடாது.”

“பள்ளிக்கூடம்னா ஒரு கம்பீரம் வேணும், தெரசா. இது என்ன ஆட்டுக்கொட்டாயா?” முளையை அவர் காலால் தட்டிவிட்டார்.

கம்பீரம் கட்டி முடிந்தது. பாட நேரத்தில் கதவைச் சாத்தக் கூடாது என்று ஒரு விதியும் போட்டார். ஜப்பான் அதிகாரி ஒரே ஒரு முறை வந்தார். மரவள்ளி எவ்வளவு விளையும் என்று கேட்டார். பிறகு, வெட்டிய மரத்தின் அடிக்கட்டையருகே நின்று, தோக்கியோவைப் பார்த்தபடியே சிறுநீர் கழித்துவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

மழைக்காலம் வந்தது. காற்று வாசல் வழியாக நேராக உள்ளே வந்தது. அதுவும் வடகிழக்கிலிருந்துதான் வந்தது.

தெரசம்மாள் இருமத் தொடங்கினாள். மருந்து எங்கும் இல்லை. இருமல் காய்ச்சலானது; நேற்று விடியும்போது காய்ச்சலும் அவளை விட்டுவிட்டது.

இப்போது அவள் காலடியில் உட்கார்ந்திருந்த வேலாயி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். கொழுந்து எடுப்பவள், அவள் மகள் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள்.

“அம்மா எப்பவும் வாசல்லயேதான்யா உக்காந்திருக்கும், வெளிய முதுகக் காட்டி. சாரல் புள்ளைங்க மேல விழக்கூடாதுல்ல. உள்ள போங்கம்மான்னா, எனக்கு வேர்க்குதுலா வேலாயின்னு சொல்லும்.”

லியோனார்டும் அதைப் பார்த்திருக்கிறார். பேரரசர் இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டி உட்காராதே என்று ஒரு முறை கடிந்துகொண்டும் இருக்கிறார். “சரிங்க,” என்றாள் தெரசம்மாள். மறுநாளும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள்.

“பள்ளிக்கூடத்துல எடு,” என்றார் கருப்பையாவிடம்.

“எந்தப் பக்கம்யா?”

“பின்பக்கம். முன்பக்கம் எடுத்தா அதிகாரி கண்ணுல படும்.”

ரீட்டா இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய அம்மாவும் இப்படித்தான் பார்ப்பாள்.

திறப்புவிழாவில் பேசிய பிறகு லியோனார்ட் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததே இல்லை. பேச்சு அன்று நீளம்தான். இப்போது உள்ளே ஈர மண் வாடை அடித்தது. பின்சுவரில், நெட்டுக்குத்தாக அடித்திருந்த பலகைகளின் மேல், கரித்துண்டால் ஒரு பெரிய கட்டம் போட்டிருந்தது. ஓரத்தில், முழங்காலுக்குச் சற்று மேலே, இன்னொரு சின்னக் கோடு.

“வேலை மிச்சம்யா,” என்றார் கருப்பையா. “அம்மாவே கோடு போட்டு வச்சிருக்கு. நீளம் சரியா வரும்.”

“என்னது இது, கணக்குப் பாடமா?”

கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த வேலாயிதான் பதில் சொன்னாள். “வாசல்யா அது. காலையில வெளிய குனிஞ்சு கும்புட்டுட்டு வந்ததும், புள்ளைங்க வரிசையா வந்து இதத் தொறக்கும். அந்தா, அதான் தாழ்ப்பா. அதத் தள்ளற மாதிரி கைய வச்சு. அப்புறந்தான் பாடம். எங்க வாசல் லயத்தப் பாக்குதும்மான்னு எம் மக வீட்ல வந்து சொல்லும். எங்கடி, நாங்க பாக்கலியேன்னு நான் சிரிப்பேன்.”

கருப்பையா ஆணிகளைப் பிடுங்கினார். புது ஆணி நாட்டிலேயே கிடைக்காது. லியோனார்ட் கல்லின் மேல் ஒவ்வொன்றாக வைத்து நிமிர்த்திக் கொடுத்தார். இரண்டு முறை கட்டைவிரலில் அடித்துக்கொண்டார். ஒவ்வொரு பலகை கழன்றபோதும் கீழே லயம் இன்னும் கொஞ்சம் தெரிந்தது: தகரக் கூரை, அடுப்புப் புகை, தண்ணீர்க் குழாயடியில் குடங்கள்.

இழைப்புளியைக் கையில் எடுத்த கருப்பையா தயங்கினார். “கரிய இழைச்சு எடுத்துடவாய்யா?”

“வேண்டாம்.”

தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் பலகை போதவில்லை. அதற்குத் தேயிலைப் பெட்டியைத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. தோட்டத்தின் பெயர் பாதி எழுத்துடன் அவள் காலடியில் இருந்தது. லியோனார்ட் அதற்கும் ஆணி நிமிர்த்திக் கொடுத்தார்.

கொடியேற்றினாலும் அவர் பேசுவார், மரவள்ளி மூட்டை லாரியில் ஏறினாலும் பேசுவார். குழியருகே செபத்தை ரீட்டாதான் சொன்னாள். பெட்டி இறங்கியபோது மூடியின் ஓரத்தில் அந்தச் சின்னக் கரிக்கோடு தெரிந்தது. முதல் பிடி மண்ணை அதன் மேல் விழாமல் போடப் பார்த்தார். முடியவில்லை. மழை பெய்த மண், கட்டியாகத்தான் விழுந்தது.

மறுநாள் காலையில் கருப்பையா மேட்டுக்கு வந்தபோது, லியோனார்ட் தோக்கியோவைப் பார்த்த கதவைச் சாத்தி, மிஞ்சிய ஆணிகளை அடித்துக்கொண்டிருந்தார். பாதி ஆணி வளைந்திருந்தது.

“அதிகாரி வந்து கேட்டா என்னய்யா சொல்றது?”

“மரவள்ளியப் பத்திக் கேப்பார். சொல்லிக்கலாம்.”

கருப்பையா சுத்தியலை வாங்கி மற்ற ஆணிகளை அடித்தார். லியோனார்ட் உள்ளே போய், சாத்திய கதவுக்கு முதுகைக் காட்டி, தெரசம்மாள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். பலகை இடுக்கு வழியாகக் காற்று வந்து தோள்பட்டைக்குக் கீழே ஒரே இடத்தில் பட்டது. நகர்ந்து உட்கார இடம் இருந்தது. அவர் நகரவில்லை.

லயத்திலிருந்து பிள்ளைகள் ஏறி வந்தார்கள். அன்று யாரும் குனியவில்லை. குனியச் சொல்ல வேண்டியவர் உள்ளே இருந்தார். பின்சுவரில் பலகை எடுத்த இடத்துக்கு வெளியே எல்லோரும் நின்றார்கள். அங்கே கதவும் இல்லை, கோடும் இல்லை, மறித்து நிற்க ஒன்றுமே இல்லை.

வேலாயியின் மகள் முன்னால் வந்தாள். வெறும் காற்றில் கையை வைத்து, இல்லாத தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டு உள்ளே வந்தாள். அவள் பின்னால் வந்தவளும் தள்ளினாள். ஒவ்வொருவராகத் தள்ளிவிட்டு வந்தார்கள்.

கடைசியாக வந்த மிகச் சிறியவளுக்கும் அது எட்டியது.