பின்சுவரில் இறக்கிய சாய்ப்பு

"பிடிடா தம்பி, கை வலிக்குது" என்றாள் அஞ்சுகம். தலைக்கு மேலே தூக்கிப் பிடித்த ஓடு அப்படியே நின்றது. கூரைமேல் இருந்த தம்பியின் கை வரவில்லை.

வெயில் கண்ணில் அடித்ததால் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. விளையாடுகிறான் என்றுதான் நினைத்தாள். நாற்பத்திரண்டு வயதாகியும் நீலமேகத்துக்கு அந்தக் குறும்பு போகவில்லை. சற்று முன்புகூட, "ஒனக்குத் தனி ஊடே ஆயிப்போச்சுக்கா, இனிமே நீ தொரைசானிதான்" என்று சொல்லிச் சிரித்தான்.

"டேய், கீழ போட்டுருவேன் பாத்துக்க."

ஓட்டை இறக்கி வைத்துவிட்டு, வெயிலுக்கு நெற்றியில் கைவைத்து நிமிர்ந்து பார்த்தாள். கூரையின் கைமரத்தில் உட்கார்ந்தபடியே, வேய்ந்த ஓடுகளின் மேல் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தான். கண் திறந்திருந்தது.

வண்டியிலிருந்து பலகை இறக்கிக்கொண்டிருந்த நாகூர் மீரான் ஓடிவந்து ஏணியில் ஏறினார். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். மூக்கருகே விரலை வைத்தார். பிறகு அங்கேயே நின்று வாய்க்குள் எதையோ ஓதினார்.

"எறக்குங்க பாய், மயக்கமா இருக்கும். காலையில ஒண்ணுமே சாப்புடல அவன்."

"அக்கா... மேகம் போயிட்டாருக்கா."

"எங்க?" என்று கேட்டாள் அஞ்சுகம்.

போலகத்தில் வாழ்க்கைப்பட்டுப் போனவள் அவள். புருஷன் செத்ததும் கொழுந்தன்மார் கதவைச் சாத்திவிட, மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு துணிமூட்டையோடு பிறந்த ஊரான நெரவிக்குத் தம்பி வீட்டுக்கே திரும்பி வந்தாள். தம்பிக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். முதல் வருஷம் தம்பி பெண்டாட்டி சௌந்தரவல்லி முகம் கோணாமல்தான் இருந்தாள். பிறகு அரிசி களைவதிலும் உலை வைப்பதிலும் தொட்டதற்கெல்லாம் சண்டை. கடைசி நான்கு மாதமாகப் பேச்சே நின்றுபோயிற்று.

நீலமேகம் யார் பக்கமும் பேசவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போனபிறகு எல்லையில் சும்மா கிடந்த சுங்கச்சாவடியைப் பிரித்தபோது, நான்கு தேக்குக் கால்களை வாங்கி வந்தான். புயலில் இடிந்த வீடுகளின் ஓடுகளைப் பொறுக்கிச் சேர்த்தான். நாகூர் மீரான் உடைத்த பழைய தோணியின் பலகைகளைக் கேட்டு வாங்கினான். கொல்லைப் பக்கம், வீட்டின் பின்சுவரோடு ஒரு சாய்ப்பு இறக்கி, அக்காளுக்குத் தனி அடுப்பு போட்டுக் கொடுப்பதாகச் சொன்னான்.

"ஒரே ஊட்ல ரெண்டு அடுப்பு பொகஞ்சா ஊரு யாரைப் பேசும்? என்னையத்தான பேசும்?" என்று சௌந்தரவல்லி அழுததை அஞ்சுகம் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறாள்.

இப்போது கூடத்தில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். அழுகைச் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. அஞ்சுகத்துக்கு மட்டும் அழுகை வரவில்லை. வந்தவர்களிடமெல்லாம், "ரெண்டு வரிசைதான் பாக்கி. முடிச்சிட்டு எறங்குறேன்னான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். இனி நாம் எங்கே போவது என்று ஒரு நினைப்பு நடுவில் வந்தது. அவன் உடம்புச் சூடு ஆறுவதற்குள் இதையா நினைத்தோம் என்று கூசிப்போய்க் கொல்லைக்கு எழுந்து வந்தாள்.

அங்கே பங்காளி சுவாமிநாதன், ஆட்களுடன் சாய்ப்பைப் பார்த்தபடி நின்றார்.

"பாடைக்குப் பச்சை மூங்கில் வேணும். இதுல ரெண்டு குறுக்க கட்டியிருக்கான். அவுத்துக்கலாமா அஞ்சுகம்? பொழுது சாயறதுக்குள்ள எடுத்தாவணும்."

"அவுத்துக்குங்க" என்றாள். இனி யாருக்கு வேண்டும்? அவளே முன்னால் போய், அவன் காலையில் முறுக்கிக் கட்டிய கயிற்று முடிச்சில் நகத்தை விட்டாள். அது இறுகியிருந்தது.

"அதுல யாரும் கை வெக்கக் கூடாது."

எல்லோரும் திரும்பினார்கள். கொல்லை வாசற்படியில் சௌந்தரவல்லி தலைவிரி கோலமாக நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இல்லம்மா, அவசரத்துக்கு..." என்று சுவாமிநாதன் இழுத்தார்.

"நெரவியில வேற மூங்கிலே இல்லியா? அண்ணி, நீங்க கைய எடுங்க."

நான்கு மாதத்துக்குப் பிறகு அவள் அஞ்சுகத்திடம் பேசிய முதல் வார்த்தை. அஞ்சுகம் கையை எடுத்தாள். நாகூர் மீரான் வண்டியைத் திருப்பிக்கொண்டு மூங்கிலுக்குப் புறப்பட்டார்.

நாலு மணிக்கெல்லாம் எடுத்துவிட்டார்கள். சங்குச் சத்தம் வாய்க்காலைத் தாண்டித் தேய்ந்து போயிற்று. வந்த பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஈரத்தலையோடு சாய்ப்பின் கீழ் வந்து உட்கார்ந்தாள் அஞ்சுகம். வேயாத இரண்டு வரிசை இடைவெளியில் வானம் தெரிந்தது.

சற்று நேரத்தில் சௌந்தரவல்லியும் வந்து எதிரே அமர்ந்தாள். சுங்கச்சாவடியிலிருந்து வந்த தேக்குக் காலில் வெட்டியிருந்த எழுத்துகளைத் தொட்டாள்.

"இது என்ன அண்ணி போட்டுருக்கு?"

"தெரியலியே. பிரெஞ்சு எழுத்தா இருக்கும்."

"அவருக்குத் தெரியுமா?"

"அவனுக்கு எங்க தெரியும்."

சௌந்தரவல்லி ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் விரலை ஓட்டிக்கொண்டு போனாள். கடைசி எழுத்து முடிந்ததும், மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.