கசினோ பஸ்ஸும் கனகாம்பிகையின் சனிக்கிழமையும்

மார்க்கம் வீதியில், வோபர்ன் பக்கத்து அந்தப் பதினொரு மாடிக் கட்டடத்தில் கனகாம்பிகையின் கோபத்தைப் பற்றித் தெரியாதவர்கள் இல்லை. மச்சாளோடு கோபம், மருமகளோடு கோபம் என்றால் சனம் விளங்கிக்கொள்ளும். கனகாம்பிகைக்குக் கோபம் பேஸ்போல் ஆட்டங்களுக்கு நாள் குறிக்கிற மனிதரோடு. அவர் யார், எந்த ஊர் என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் லிஃப்டில் ஏறினால் ஐந்தாம் மாடி வருவதற்குள் அவருடைய பரம்பரையை ஒருதரம் இழுத்து முடித்துவிடுவாள்.

"எனக்கு லீவெண்டா எங்கட டீம்காரங்கள் தூரத்துச் சியாட்டிலில நிப்பாங்கள். அவங்கள் இஞ்ச வந்தா எனக்கு வேலை. என்ர ஷிஃப்ட் பேப்பரைக் களவெடுத்து வைச்சுக்கொண்டுதான்கா அந்த மனிசன் தேதி போடுறான்."

மூன்றாம் மாடி மங்கையற்கரசிக்கு வாய் சும்மா இருக்காது. "அந்தப் பந்துக்காரங்கள் துப்பிக்கொண்டெல்லோ நிக்கிறாங்கள். உமக்கு உதில என்ன கிடக்கு?"

"உங்கட மனிசன் வெத்திலை போட்டு பல்கணியில இருந்து துப்பிறத விடவா?" என்றாள் கனகாம்பிகை. அதற்குப் பிறகு மங்கையற்கரசி ஒரு கிழமை படிக்கட்டால்தான் இறங்கினாள்.

மட்டக்களப்பிலிருந்து வந்த புதிதில் கனகாம்பிகைக்கு ஷாம்பூ போத்தல்களுக்கு மூடி போடுகிற தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அங்கே மேற்பார்வையாளரின் ரேடியோவில் ஓயாமல் பேஸ்போல்தான். இங்கிலிசு விளங்க முன்னமே ஆட்டம் விளங்கிவிட்டது. ஊர் அணியான புளூ ஜேய்ஸ் இரண்டு வருடம் தொடர்ந்து கிண்ணம் எடுத்தபோது, அதில் பாதி தன்னுடைய மூடிகளால்தான் வந்தது என்பதுபோல நடந்தாள். தொண்ணூற்றிநாலில் ஆட்டக்காரர் வேலைநிறுத்தம் செய்து அந்த வருடத்து ஆட்டங்களே நின்றுபோக, அவள் வீட்டில் செத்த வீடுபோல மீன் மச்சம் சமைக்கவில்லை என்று ஒரு கதை அடிபட்டது. உண்மையோ பொய்யோ, அவள் மறுக்கவில்லை.

அவளுடைய புருசன் மாமாங்கத்துக்குப் பந்து பிடிக்காது, சீட்டுத்தான் பிடிக்கும். ஆறாம் மாடி இராஜரட்ணமும் அவரும் சோடி சேர்ந்து முந்நூற்றிநாலு விளையாடினால் கட்டடத்தில் அவர்களை வென்ற ஆளில்லை. அந்தத் தலைக்கனத்தில்தான் இராஜரட்ணம் மாதத்துக்கு ஒருக்கால் பஸ் பிடித்து, வடக்கே இரண்டு மணித்தியாலம் ஓடினால் வருகிற கசினோவுக்குச் சனம் ஏற்றத் தொடங்கினார். மற்றவர்கள் மெசினில் கைப்பிடி இழுப்பார்கள். இவர்கள் இருவரும் போக்கர் மேசையில் குந்துவார்கள். சீட்டென்றால் எல்லாம் சீட்டுத்தானே என்பது அவர்களுடைய எண்ணம்.

அந்த ஆவணியில் அதிசயம் நடந்தது. கனகாம்பிகைக்குச் சனிக்கிழமை லீவு. அதே சனிக்கிழமை ஜேய்ஸ் ஊரில் நின்றார்கள். ஆட்டமும் மத்தியானம் ஒரு மணிக்கு. கோடை முழுக்கத் தேடி அகப்பட்டது அந்த ஒரு நாள்தான். ஸ்கைடோம் மைதானத்தில் மேல்தட்டில் இரண்டு டிக்கெட் எடுத்து, மாமாங்கத்திடம் "வாறதா, இல்லையா?" என்று கேட்டு, அவர் "ஓம்" என்றதைக் காதால் கேட்டு வைத்திருந்தாள்.

வியாழன் பின்னேரம் இராஜரட்ணம் கதவைத் தட்டினார்.

"தங்கச்சி, இந்தச் சனி பஸ்ஸுக்கு ரெண்டு ஆள் குறையுது. குறைஞ்சா கொம்பனிக்காரன் பஸ் விடமாட்டான். நீங்கள் ரெண்டுபேரும் ஏறினா நிரம்பிடும்."

"நான் மாட்ச்சுக்குப் போறன், அண்ணை."

"மாட்ச் வருசத்துக்கு நூற்றிச் சொச்சம் நடக்குதாம். உது போனா இன்னொண்டு."

"உங்கட கசினோ வருசம் முழுக்கத் திறந்துதானே கிடக்கு. அது மட்டும் எங்கயும் ஓடிருமா?"

இராஜரட்ணம் மாமாங்கத்தைப் பார்த்தார். மாமாங்கம் தரைக் கம்பளத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவள் முடிவை அறிந்துகொண்டாள்.

"சோடி இல்லாம அண்ணை தனியப் போய் என்னகா செய்யிறது..." என்று மாமாங்கம் இழுத்தார்.

"போங்க. நான் போறன்."

"தனியவா?"

"அங்க முப்பதாயிரம் சனம் வரும். அது தனியா?"

இராஜரட்ணம் படியிறங்கும்போது, "பொம்பிளை தனியப் பந்தடி பாக்கப் போறதோ, சனம் என்ன சொல்லும்" என்று எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக முணுமுணுத்தார். சனம் அன்றிரவே சொல்லத் தொடங்கிவிட்டது. கோயிலுக்குப் போகிறதென்று பொய் சொல்லியாவது போயிருக்கலாம் என்று ஒரு கட்சி. புருசனை விட்டுப் பந்தோ என்று இன்னொரு கட்சி. கனகாம்பிகை வெள்ளிக்கிழமை முழுக்க நீலத் தொப்பியைப் போட்டுக்கொண்டு உடுப்புத் தோய்க்கிற அறைக்கும் வீட்டுக்குமாக நடந்தாள். இரண்டு கட்சிக்கும் அதுதான் பதில்.

சனி காலை பஸ் வாசலில் நின்றது. கனகாம்பிகையின் இடத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில் ஒராளைப் பிடித்துவந்து, இராஜரட்ணம் ஆட்களை அதட்டி அதட்டி ஏற்றினார். அவருடைய மனைவி தவமணி, சேலை உடுத்து, கைப்பையை அணைத்தபடி கடைசியில் நின்றாள். மாதா மாதம் அவளும் போவாள். அவர் சீட்டு விளையாடி முடியுமட்டும் கழிவறை வாசல் கதிரையில் இருந்து வருவாள். அதுதான் அவளுடைய கசினோ.

கனகாம்பிகை தொப்பியோடு லொபியில் நின்று மாமாங்கத்துக்குக் கை காட்டினாள். அது வழியனுப்பியதோ வேறு எதுவோ, அவரவர் விளங்கிக்கொண்டபடி.

"அந்தப் பந்தடியில இருக்கிறதுக்குக் கதிரை தருவாங்களோ?" என்று தவமணி மெதுவாகக் கேட்டாள்.

"டிக்கெட்டிலயே நம்பர் போட்ட கதிரை. என்னட்ட ஒண்டு மிச்சம் கிடக்கு."

தவமணி பஸ்ஸைப் பார்த்தாள். கனகாம்பிகையைப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"தவம்! ஏறுமன்!" என்று இராஜரட்ணம் கத்தினார்.

"நீங்கள் போட்டு வாங்கோ."

"ஆள் குறையுதெல்லோ!"

"அப்ப மங்கையற்கரசியைக் கூப்பிடுங்கோ. அவதானே உங்க வாசல்ல நிண்டு பாக்கிறா."

மங்கையற்கரசி வீட்டுச் சட்டையோடு பஸ் ஏறினாள். அவளுக்கு நடக்கிறதை விட்டுப்போட்டு நிற்க மனமில்லை.

ஸ்கைடோமில் கூரை திறந்திருந்தது. மேல்தட்டில் இருந்து பார்க்க ஆட்டக்காரர் சோற்றுப்பருக்கை அளவு. தவமணி முதல் மூன்று இன்னிங்ஸும், "அவன் ஏன் ஓடுறான்? இவன் ஏன் ஓடேல்லை?" என்று கேட்டபடி இருந்தாள். நாலாவதில், வீட்டில் கட்டிக்கொண்டு வந்த கட்லிசைத் திறந்தாள். ஏழாவதில் எழும்பி நின்று, "அடேய், எறியடா!" என்று கத்தினாள். முன் வரிசை வெள்ளைக்காரர் திரும்பிப் பார்த்துப் பெருவிரலை உயர்த்தினார்.

ஆட்டத்துக்குரிய ஒன்பது இன்னிங்ஸும் முடிந்தும் இரண்டு பக்கமும் சமம். சனம் எழும்பவில்லை.

"முடிஞ்சுதோ?"

"இல்லக்கா. ஒராள் வெல்லுமட்டும் ஓடும்."

தவமணி கைப்பையைத் தோளில் மாட்டினாள். "பஸ் வந்திருக்கும். அவருக்குப் பசி வந்தா வீடு ரெண்டாகும். ஒருக்கா போன் எடும், நான் கதைக்கமாட்டன்."

பத்தாவதுக்கும் பதினொன்றாவதுக்கும் இடையில் கனகாம்பிகை கன்ரீன் பக்கத்துக் கட்டணத் தொலைபேசியில் வீட்டுக்கு எடுத்தாள். முதல் மணியிலேயே மாமாங்கம் எடுத்தார்.

"எங்ககா நிக்கிற?"

"மாட்ச்சில. என்ன குரல் ஒரு மாதிரி?"

மாமாங்கம் விழுங்கி விழுங்கிச் சொன்னார். போக்கர் மேசையில் அவருக்கு இரண்டு ஜாக் வந்திருக்கிறது. முந்நூற்றிநாலில் ஜாக்குக்கு மேல் ராசா இல்லை. சந்தோசத்தில் அவர் வழக்கம்போல வலது காதைச் சொறிந்திருக்கிறார். எதிரே இருந்த இராஜரட்ணமும் வழக்கம்போல மூக்கைத் தடவிப் பதில் சொல்லியிருக்கிறார். இந்தச் சாடையை இரண்டு தரம் பார்த்துக்கொண்டு நின்ற கசினோக் காவல்காரர் மூன்றாம் தரம் வந்து, இருவரையும் வாசல் வரைக்கும் மரியாதையாகக் கூட்டிப்போய் விட்டிருக்கிறார்.

"மறுகா, என்ன நடந்தது?"

"மறுகா என்ன, பஸ்ஸுக்குள்ளயே இருந்தம். மங்கையற்கரசிதான் வந்து வந்து பாத்திட்டுப் போனா."

கனகாம்பிகை ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு தவமணிக்குச் சொல்ல, தவமணி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சரிகா, எப்ப வாற?" என்றார் மாமாங்கம். "அண்ணையும் இஞ்சதான். ரெண்டுபேரும் ஒண்டும் சாப்பிடேல்ல."

"முடிஞ்சாப்பிறகு."

"எப்ப முடியும்?"

"ஆருக்குத் தெரியும்?"

"சோறு?"

"அரிசி வாளிக்க கிடக்கு. தண்ணி பைப்பில வரும்."

உள்ளே சனம் ஆர்ப்பரித்தது. கனகாம்பிகை ரிசீவரை வைத்துவிட்டுத் தவமணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

பதின்மூன்றாவதில் ஜேய்ஸ் தோற்றார்கள். கடைசிப் பந்துவரை இருவரும் கதிரையை விட்டு அசையவில்லை.

கட்டடத்துக்கு வர வெயில் சாய்ந்துவிட்டது. லொபியில் இராஜரட்ணமும் மாமாங்கமும் நின்றார்கள். சற்றுத் தள்ளி, கடிதப் பெட்டியைத் திறந்து மூடி, மூடித் திறந்தபடி மங்கையற்கரசி.

"வெண்டதோ?" என்றார் இராஜரட்ணம்.

"தோத்தது."

"தோக்கிற ஆட்டத்தையோ இவ்வளவு நேரமும் பாத்தனீங்கள்?"

"நாங்க முடியுமட்டும் இருந்து பாத்தம், அண்ணை. எங்களை ஒருத்தரும் எழுப்பிவிடேல்ல."

மங்கையற்கரசியின் கடிதப் பெட்டி டக்கென்று மூடியது. இராஜரட்ணம் தவமணியைப் பார்த்தார். தவமணி அவரைப் பார்க்காமல் லிஃப்ட் பொத்தானை அமத்தினாள்.

"அடுத்த மாதம் ரெண்டாம் சனி எனக்கு லீவு," என்றாள் கனகாம்பிகை. "அவங்களும் இஞ்சதான் நிக்கிறாங்கள். அண்டைக்கு நீங்க பஸ் வைக்கவேணாம், அண்ணை. வைச்சா ரெண்டு ஆள் குறையும்."

"மூண்டு," என்றாள் மங்கையற்கரசி.