எம்பரர் மஹாலின் ஓனர்

தன் புருஷன் பணக்காரன் என்பது ஐரீனுக்குத் தாலுகா ஆபீசில்தான் தெரிந்தது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டோக்கன் எண் நாற்பத்தொன்றில்.

பெண்களுக்கு அரசாங்கம் மாசாமாசம் போடும் ஆயிரம் ரூபாய் ராயபுரத்தில் அவள் தெரு முழுக்க வந்துகொண்டிருந்தது. அவளுக்கு மட்டும் இரண்டு தடவை 'தகுதி இல்லை' என்று போனில் செய்தி வந்தது. வண்ணாரப்பேட்டை எக்ஸ்போர்ட் கம்பெனியில் நாள் முழுக்கக் குனிந்து சட்டைக்குக் காஜா எடுப்பவள் அவள். தனக்கு இல்லாத தகுதி வேறு யாருக்கு இருக்கிறது என்று கேட்கத்தான் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த ஃபரா என்ற பெண் மனுவைத் தேடி எடுத்தாள்.

"உங்க வீட்டுக்காரர் இன்னா வேலை பாக்குறாரு ஆன்ட்டி?"

"ஆர்பர்ல ட்ரெய்லர் லாரி ஓட்டுறாரும்மா."

ஃபரா திரையைப் பார்த்தாள். பிறகு ஐரீனின் ரப்பர் செருப்பைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"அவர் பேர்ல கல்யாண மண்டபம் கீது ஆன்ட்டி. எம்பரர் மஹால், திருவொற்றியூர். வருமான வரியும் கட்டறாரு."

ஐரீன் சிரித்தாள். "அது வேற யேசுதாசா இருக்கும் பாப்பா. ராயபுரத்துல தெருவுக்கு நாலு யேசுதாஸ் கீறாங்கோ."

ஃபரா அப்பா பெயரைப் படித்தாள். ஆதார் எண்ணின் கடைசி நாலு எண்களைப் படித்தாள். பிறகு விலாசத்தைப் படித்தாள்: பழைய எண் பதினாலு, புதிய எண் முப்பத்தொன்று, பின்கட்டு. அந்தப் 'பின்கட்டு' என்ற வார்த்தையில்தான் ஐரீனின் சிரிப்பு நின்றது. ஒரே அறையும் பாதி சமையலறையும் உள்ள அந்தப் பின்கட்டை உலகத்தில் வேறெந்த யேசுதாசும் வாடகைக்கு எடுக்க மாட்டான்.

எம்பரர் மஹாலை அறியாதவர் அந்தப் பக்கத்தில் கிடையாது. வாசலில் இரண்டு சிமெண்ட் யானை, உள்ளே எண்ணூறு பேர் உட்காரும் ஏ.சி. ஹால். அது எம்.எல்.ஏ. தணிகைவேந்தனுடையது என்பதும் எல்லோருக்கும் தெரியும். டீக்கடையில் தெரியும், மீன் மார்க்கெட்டில் தெரியும், வேந்தன் என்றால் இங்கிலீஷில் என்ன என்று படித்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் தெரியும். காகிதத்துக்கு மட்டும்தான் தெரியாது. குழாயில் கறுப்புத் தண்ணீர் வரும்போதெல்லாம் தெரு ஜனங்கள் அந்த யானைகளைச் சொல்லித்தான் திட்டுவார்கள். தண்ணீர் கனெக்‌ஷனுக்கு அவருடைய ஆளுக்கு ஒரு தொகை, வீட்டுக்கு மேல் ஒரு தளம் போட்டால் ஒரு தொகை. திட்டிவிட்டு, கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போவார்கள்.

போன வாரம்தான் அவர் வீட்டில் லஞ்ச ஒழிப்புப் போலீஸ் சோதனை போட்டது. வாசலில் நின்று டி.வி.க்காரர்களிடம் அவர் சொன்னார்: "என் பெயரில் ஒரே ஒரு செங்கல் இருப்பதாக நிரூபித்தால் அரசியலை விட்டே போய்விடுகிறேன்." அப்போது ஐரீன் டி.வி.யைப் பார்த்து, எழுத்தில் போட முடியாத ஒரு வார்த்தை சொன்னாள். இப்போது தாலுகா ஆபீஸ் படியில் இறங்கும்போது அவளுக்கு உறைத்தது. மனுஷன் பொய் சொல்லவில்லை. செங்கல் அத்தனையும் அவள் புருஷன் பெயரில் இருந்தது.

யேசுதாஸ் சாயங்காலம் வந்து கை கழுவிவிட்டுச் சோற்றின் முன் உட்கார்ந்ததும் கேட்டாள்.

"எம்பரர் மஹாலை எப்போய்யா வாங்குன?"

அவன் கை தட்டிலேயே நின்றது. அவன் நல்லவன். கொஞ்சம் அதிகமாகவே நல்லவன். ட்ரெய்லருக்கு வருமுன் ஆறு வருஷம் தணிகைவேந்தனுக்குக் கார் ஓட்டியவன். வேலையை விட்டு நிறுத்தியபோது கொடுத்த சுவர்க் கடிகாரத்தை இன்னும் மாட்டி வைத்திருந்தான். அதில் மணிக்கு மேலே தணிகைவேந்தன் அண்ணனின் முகம் இருந்தது.

"ஒரு தபா கையெழுத்து வாங்குனாங்கோ ஐரீனு. பி.எஃப்.புக்குன்னாங்கோ. போட்டோ புடிச்சாங்கோ, பெருவிரல் வெச்சேன்."

"பி.எஃப்.புக்கு எதுக்குய்யா பத்திர ஆபீசுக்கு இட்டுகினு போறாங்கோ?"

"அவங்க எங்க இட்டுகினு போனாங்கோ? நான்தானே கார ஓட்டிகினு போனேன்."

ஐரீனுக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. யேசுதாஸ் குரலைத் தாழ்த்தி, "வெளிய சொல்லாத. அண்ணனுக்குத் தெரிஞ்சா பேஜாராய்டும்" என்றான்.

"நம்ம பேர்ல கீறது நமக்குத் தெரிஞ்சா அவருக்கு இன்னாய்யா பேஜாரு?"

அவன் சோற்றைப் பிசைய ஆரம்பித்தான். ஐரீனும் அதற்கு மேல் கேட்கவில்லை. அவளுக்கு வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மகள் கரோலினுக்கு அடுத்த மாசம் கல்யாணம். மாப்பிள்ளை ஆண்ட்ரூ எண்ணூர்க்காரன். கோயிலில் பூசைக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஆனால் வரவேற்பு வைக்கப் பார்த்து வைத்திருந்த சர்ச் ஹாலில் கூரை ஒழுகுகிறது என்று பூட்டிவிட்டார்கள். சின்ன மண்டபம் எதுவும் காலியில்லை. பெரிய மண்டபங்களின் வாடகையைக் கேட்டால் காது அடைத்தது. சம்பந்தியம்மா இரண்டு நாளைக்கு ஒரு தடவை போன் செய்து, மண்டபம் எது என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஐரீன் பத்திர ஆபீசில் மனுப் போட்டு, நாலு நாள் அலைந்து, கிரயப் பத்திரத்தின் நகலை முத்திரையோடு வாங்கினாள். மூன்றாம் பக்கத்தில் யேசுதாசின் போட்டோ இருந்தது. டிரைவர் சட்டையில், பயந்த முகத்தோடு. பார்த்தால் மண்டபம் வாங்குகிறவன் மாதிரி இல்லை. மண்டபத்தில் செருப்புத் திருடி மாட்டிக்கொண்டவன் மாதிரி இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயிலுக்குக் கட்டிய அதே புடவையோடு புருஷனை இழுத்துக்கொண்டு எம்பரர் மஹாலுக்குப் போனாள். மேனேஜர் அலெக்ஸாண்டர் ஏ.சி. அறையில் இருந்தார்.

"அடுத்த மாசம் பன்னெண்டாந்தேதி காலியா கீதா சார்?"

"இருக்கும்மா. ஹால் வாடகை மூணு லட்சம். கரண்ட் தனி, கிளீனிங் தனி."

"வாடகை எதுக்கு சார்? ஓனர் வூட்டுக் கல்யாணம்."

"எந்த ஓனர்?"

ஐரீன் நகலை மேஜையில் வைத்து, மூன்றாம் பக்கத்தைத் திருப்பி, பக்கத்தில் நின்ற யேசுதாசின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். அலெக்ஸாண்டர் படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். இத்தனை வருஷமாக ரசீதில் 'உரிமையாளருக்காக' என்று கையெழுத்துப் போட்ட மனுஷன், அந்த உரிமையாளரை அன்றுதான் நேரில் சந்தித்தார். எழுந்து நிற்பதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி எழுந்து நின்றார்.

"உட்காருங்க சார்" என்றார் கடைசியில், யேசுதாசைப் பார்த்து. தன்னை 'சார்' என்று ஒருவர் சொன்னது பிடித்ததா பயமாக இருந்ததா என்று யேசுதாசுக்கே புரியவில்லை. உட்கார்ந்தான்.

அன்று சாயங்காலமே எம்.எல்.ஏ.வின் உதவியாளர் குணசீலன் பின்கட்டுக்கு வந்துவிட்டார். ஒரு கையில் ஆப்பிள் பை, இன்னொரு கையில் ஃபைல். பக்கத்து வீட்டு ஞானசெல்வி இறால் உரித்துக்கொண்டிருந்தவள், கையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினாள்.

"அக்கா, இதெல்லாம் ஒரு டெக்னிக்கல் மிஸ்டேக். யேசு ஒரு கையெழுத்துப் போட்டா பேரு மாத்திடலாம். உங்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லாம அண்ணன் பாத்துக்குவாரு."

"போடட்டும் தம்பி. எங்க மண்டபத்த எதுக்கு இன்னொருத்தர் பேருக்கு மாத்தணும்னு மட்டும் சொல்லு."

"உங்க மண்டபமா?"

"அப்ப யாருது?"

குணசீலன் நிமிர்ந்து பார்த்தார். சுவரில் அண்ணனின் முகம் போட்ட கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணன்துன்னு ஒரு வெள்ளக் காயிதத்துல எழுதிக் குடு தம்பி. இப்பவே கையெழுத்துப் போட்டுர்றாரு."

"என்னக்கா, விளையாடறீங்களா? நல்லா இல்ல. அண்ணன் கோவப்பட்டா எப்டி இருக்கும்னு யேசுவக் கேளுங்க."

"கோவம் வந்தா போலீசுல கம்ப்ளெயின்ட் குடுக்கச் சொல்லு. என் மண்டபத்த ராயபுரத்து யேசுதாஸ் எட்த்துகினான்னு."

ஞானசெல்வி வாசலிலிருந்து சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு தெருவில் எந்தக் கதவும் மூடியிருக்கவில்லை. குணசீலன் ஆப்பிளை வைத்துவிட்டு ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தார். இரு பக்கமும் ஜனங்கள் அவரைக் கல்யாண ஊர்வலம் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பன்னிரண்டாம் தேதி எம்பரர் மஹாலின் எண்ணூறு நாற்காலிகளும் போதவில்லை. கரோலின் கல்யாணத்துக்கு அழைத்தவர்கள் முந்நூறு பேர்தான். மற்றவர்கள் யேசுதாசின் மண்டபத்தைப் பார்க்க வந்தவர்கள். காசிமேட்டிலிருந்து வந்தார்கள், தண்டையார்ப்பேட்டையிலிருந்து வந்தார்கள். ஏ.சி.க்கு நேர் கீழே நின்று, "எங்க துட்டுதான் குளிருது" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஒரு கிழவர் போகிற வழியில் சிமெண்ட் யானையின் தும்பிக்கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார், தண்ணீர் கனெக்‌ஷனுக்குத் தான் கொடுத்த தொகை இந்தத் தும்பிக்கைக்காவது வந்திருக்கும் என்று. சம்பந்தியம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. போட்டோ எடுக்கும் இடத்தில் அவளே முதலில் போய் நின்றாள்.

பிரியாணி இரண்டாம் பந்தி நடக்கும்போது தணிகைவேந்தன் வந்தார். வராமல் இருக்க வழியில்லை. தொகுதியில் எல்லாக் கல்யாணத்துக்கும் போகிறவர் இந்த ஒன்றுக்கு மட்டும் போகவில்லையென்றால் ஏன் என்று கேட்பார்கள். கேட்க ஆரம்பித்தால் அடுத்து என்ன கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். மேடைக்கு ஏறினார். ஆண்ட்ரூவின் கையில் கவரைக் கொடுத்தார். யேசுதாஸ் பழக்கத்தில் குனியப் போனான். ஐரீன் பின்னாலிருந்து அவன் கோட்டைப் பிடித்து நிமிர்த்தினாள்.

மைக் பிடித்திருந்த பையன், யாரோ மெல்ல வந்து காதில் சொன்னதை வைத்துக் கேட்டான்: "அண்ணே, மண்டபம் பிரமாதமா இருக்குன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க. அதப் பத்தி ரெண்டு வார்த்தை."

பந்தியில் கை நின்றது. ஆயிரம் பேரின் போன்கள் மெல்ல உயர்ந்தன. தணிகைவேந்தன் மைக்கை வாங்கினார். கூட்டத்தைப் பார்த்தார். அவர் இருபது வருஷமாகக் கூட்டம் பார்த்தவர். காசுக்கு வந்த கூட்டத்தையும், பயந்து வந்த கூட்டத்தையும் பார்த்திருக்கிறார். இப்படி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு பதிலுக்காகக் காத்திருக்கும் கூட்டத்தைப் பார்த்ததில்லை.

"தம்பி யேசுதாஸ்..." என்றார். மைக்கை இன்னொரு கைக்கு மாற்றினார். "தம்பி யேசுதாஸ் உழைச்சுக் கட்டுன மண்டபம். உழைப்பு உயர்வு தரும்கிறதுக்கு தம்பிதான் உதாரணம்."

கைதட்டலில் கண்ணாடிக் கதவுகள் அதிர்ந்தன. அவ்வளவு பெரிய கைதட்டலை அவர் எந்தத் தேர்தலிலும் வாங்கியதில்லை. சாப்பிடாமல் கிளம்பிவிட்டார்.

திங்கட்கிழமை குணசீலன் மறுபடி ஃபைலோடு வந்தார். இந்தத் தடவை ஐரீன் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. யேசுதாஸ் வாசலிலேயே வழி மறித்து நின்றான்.

"ஆபீசர் முன்னால போட்றேன் தம்பி. லஞ்ச ஒழிப்புல இருந்து எனக்கு நோட்டீஸ் வந்துகீது. அங்க வந்து காயிதத்த நீட்டு."

நோட்டீஸ் உண்மையாகவே வந்திருந்தது. ஒரு ட்ரெய்லர் டிரைவர் எப்படி மண்டபம் கட்டினார் என்று அதிகாரிகளுக்கும் தெரிந்துகொள்ள ஆசை. எம்.எல்.ஏ.வே மைக்கில் சொன்ன பிறகு ஆசை கூடியிருந்தது. அதே வாரம் தணிகைவேந்தன் பத்திரிகையாளர்களிடம், யேசுதாஸ் என்று யாரையும் தனக்குத் தெரியாது என்றார். அந்தச் செய்தி வந்த அரை மணி நேரத்தில், மேடையில் இருவரும் நிற்கும் படத்தை யார் யாரோ அவருக்கே அனுப்பினார்கள். பிறகு அதிகாரிகள் மண்டபத்துக்குச் சீல் வைத்தார்கள். அவர் பதவிக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாளே ஒரு நிழற்குடையைத் திறந்து வைத்தார்.

ஆனால் தாலுகா ஆபீசில் ஃபராவின் முன்னால் வரிசை நீண்டது. இலவச மிக்ஸி வாங்கும்போது ஆதார் காப்பி கொடுத்தவர்கள், கட்சி ஆபீசில் வேலை பார்த்தவர்கள், கார் கழுவியவர்கள். தங்கள் பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்க வந்தார்கள்.

விசாரணைக்கு யேசுதாசும் ஐரீனும் சீக்கிரமே போய்விட்டார்கள். நடைக்கூடத்தில் நீளமான பெஞ்சு. யேசுதாஸ் இரண்டு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். ஆனால் அவன் கிளம்பிப் போகலாம் என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. பக்கத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் நோட்டீசை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர் ஷாகுல் ஹமீதாம். வியாசர்பாடியில் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக் கொடுப்பவர். கிரவுண்டுக்கு இடம் தருகிறோம் என்று சொல்லி அவரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

"உங்களுக்கு இன்னா பாய்?" என்று கேட்டான் யேசுதாஸ்.

"பெட்ரோல் பங்க். மாதவரம் பக்கத்துல. உங்களுக்கு?"

"மண்டபம். ஏ.சி." சொல்லும்போது அவன் குரலில் லேசாக ஒரு பெருமை வந்துவிட்டது.

"வியாபாரம் நல்லாப் போவுதா பாய்?" என்றாள் ஐரீன்.

"ஜோராப் போவுதுன்றாங்கம்மா. நான் இன்னும் பாக்கல."

"ஒரு தபா போய்ப் பாருங்க பாய். போய் ஃபுல் டாங்க் போட்டுகினு வாங்க. ஓனர்னு சொல்லுங்க, இன்னா பண்றாங்கோன்னு பாப்போம்."

பெரியவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"எங்கிட்ட சைக்கிள்தாம்மா கீது" என்றார்.