சத்தியத்துக்கு நீட்டிய கை

கே.ஜி.கண்டிகை கிராமத்து வீராசாமியின் மகள் சுஜாதா, சென்னையில் ஒரு கல்லூரியில் இஸ்லாமியத் தத்துவத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தாள். தலைப்பு, ஃபித்ரா. படைத்தவனையும் நன்மை தீமையையும் உணரும் இயல்போடுதான் மனிதன் பிறக்கிறான், வளர்ப்பு அதை மூடலாம், அழிக்க முடியாது என்பது அதன் சாரம்.

அண்ணன் சக்திவேலுக்கு அந்தப் பேச்சே ஆகாது. அவள் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது ஆர்.கே.பேட்டையிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், அவள் அறையில் அரபுப் புத்தகங்களைப் பார்த்துவிட்டுக் காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். அன்றிலிருந்து அவள் இருக்கும் இடத்தில் அவன் சாப்பிட உட்காருவதில்லை.

பத்தாம் நாள் காலை நெறியாளர் நூருன்னிசா போன் செய்தார்.

"ஏம்மா ஆராய்ச்சிய விட்டுட்டே? நேத்து உன் மெயில் வந்துதே."

சுஜாதா எதையும் அனுப்பவில்லை. முந்தின நாள் சர்க்கரை ஆலையில் கரும்புப் பதிவு செய்யவென்று அவள் லேப்டாப்பை வாங்கிப்போனவன் சக்திவேல். அப்பாவை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"என் பேர்ல மெயில் போட்டது நீதானே?"

"எனக்கு இன்னா தெரியும்? நீயே போட்டுட்டு என் மேல பழி போடாத."

"பொய் சொல்றோம்னு உனக்கு உள்ள தெரியும்ணா. அதத்தான் அஞ்சு வருசமா படிச்சிகினு இருக்கேன்."

"அவங்க சாமி வந்து என் உள்ள எழுதி வெச்சிட்டுப் போச்சா? போடி!"

"படிச்ச திமிராடி உனக்கு? எம்புள்ள அப்டிலாம் செய்யமாட்டான்" என்று வீராசாமி எழுந்தார். மகனை வாசலுக்கு இழுத்துவந்தார். எதிரே மலைக்கோயில் தெரிந்தது. "டேய், முருகன் பக்கம் கைய நீட்டி நான் இல்லன்னு சொல்டா. இவ வாய மூடட்டும்."

சக்திவேல் கையை நீட்டினான். உதடு அசைந்தது, சொல் வரவில்லை.

"சொல்டா!"

கையை உதறிவிட்டு உள்ளே போனவன், அவளுடைய லேப்டாப்பை எடுத்துவந்து சிமெண்டுத் தரையில் அடித்தான்.

"ஆங், நான்தான் போட்டேன்! இன்னா பண்ணுவே? இந்த வூட்ல இனிமே உனக்குச் சோறு கெடையாது!"

அவள் எழுதியது கண்ணெதிரே நடந்துவிட்டது. ஆனால் மகிழ்ச்சி வரவில்லை. பொய்ச் சத்தியம் செய்யக் கூசியவன் இதைச் செய்யக் கூசவில்லை. அதற்கு அவள் ஆய்வேட்டில் ஒரு வரிகூட இல்லை.

"நைனா..." என்றாள்.

வீராசாமி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அதான் ஒத்துகினானே. அப்புறம் இன்னா? கெளம்பு."

மத்தியான ரயிலில் சென்னைக்குப் போனாள். ஆய்வைத் தொடர்ந்தாள். அந்த இயல்பு ஏன் மனிதனைத் தடுத்து நிறுத்துவதில்லை என்ற கேள்விக்குத் தனி அத்தியாயம் எழுதினாள். மாசியில் பட்டம் உறுதியானதும் அப்பாவின் போனுக்கு அடித்தாள்.

சக்திவேல் எடுத்தான். அவள் குரலைக் கேட்டான்.

"ராங் நம்பர்" என்று வைத்துவிட்டான்.