கண்ணை மட்டும் விட்டுவிட்டு

"அடிக்கிறதுக்கு எதுக்கு அக்கா ஒங்களுக்கு இத்தின சொல்லு?" என்று அனீஸா ஒருநாள் கேட்டாள். கண்டி டவுனில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில், கட்டில் விரிப்பின் இரண்டு நுனிகளை அவளும் மற்ற இரண்டைக் கலாராணியும் பிடித்து மடித்துக்கொண்டிருந்த நேரம் அது. சற்று முன்னால்தான் கலாராணி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மகளோடு பேசி முடித்திருந்தாள். சோற்றைச் சாப்பிடாமல் வைத்திருந்தால் வெளுத்துவிடுவேன், தம்பியோடு மல்லுக்கு நின்றால் முதுகுத் தோலை உரித்துவிடுவேன், காயப்போட்ட துணியை மழையில் விட்டால் முட்டியைப் பேர்த்துவிடுவேன். எல்லாம் ஒரே மூச்சில். அலவத்துகொடையிலிருந்து பஸ்ஸில் வரும் அனீஸா வேலைக்குப் புதிது. பயந்துதான் கேட்டிருக்க வேண்டும். கலாராணி சிரித்துவிட்டாள்.

"அது சும்மா வாயில வர்றது புள்ள. எம்மகள நான் நுள்ளுனதுகூட இல்ல."

அது உண்மை. நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அவளுடைய அப்பா கறுப்பையா அடிக்கும்போது ஒரு வார்த்தை பேசமாட்டார். வேலைவிட்டு வந்து, கை கால் கழுவி, தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு பெல்ட்டைக் கழற்றுவார். ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில், அடுத்த காம்பராவில் அப்பன் கத்துகிற சத்தம் கேட்டால் அங்கே பிள்ளைகள் நிம்மதியாக இருக்கும். கறுப்பையா வீட்டில் சத்தம் கேட்காதபோதுதான் பயம். கத்துகிற ஆள் அடிக்காது என்ற ஒரு கணக்கை அந்த வயதிலேயே கலாராணி போட்டு வைத்திருந்தாள். கண்டியில் மஹய்யாவவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, இரண்டு பிள்ளைகளைப் பெற்று, பதின்மூன்று வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறாள். கை நீண்டதில்லை.

இப்போது மகளின் பள்ளிக்கூடத்தில், அதிபரின் அறைக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்து, ஒன்றரை மணி நேரமாக அதையெல்லாம் நினைத்து எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பது மணிக்கு வரச்சொன்னார்கள். பத்தரை ஆகிவிட்டது. அரை நாள் லீவை சூப்பர்வைசரிடம் கெஞ்சி வாங்கியிருந்தாள். கணவன் சந்திரகுமார் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "நீ பேசு, எனக்குக் கோவம் வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். கோபம் வருகிறவன் ஹயர் ஓடப் போகிறான், வராதவள் வாங்கில் காய வேண்டும். பக்கத்தில் மகள் லதுஷா சீருடையில் உட்கார்ந்திருந்தாள். வலது சுண்டுவிரல் கட்டுப்போட்டு, பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டப்பட்டிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். ஒரு சடங்கு வீட்டுக்குப் போன இடத்தில் கலாராணிதான் மகளின் விரல்களுக்கு மருதாணி வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை நகம் பார்க்கும்போது எட்டாம் வகுப்பு செசிலியா டீச்சர் கையை நீட்டச் சொல்லி, கோடு போடும் அடிமட்டத்தைத் திருப்பிப் பிடித்து, அதன் விளிம்பால் போட்டார். நுனி எலும்பில் வெடிப்பு. ஆஸ்பத்திரியில் இருந்த பொலிஸ்காரர் அதை எழுதிக்கொண்டார். நாளைக்கு வாக்குமூலம் கொடுக்க வரச்சொல்லியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து பத்து நாளாக லதுஷா பள்ளிக்கூடம் போகவில்லை. இனிப் போகமாட்டேன் என்றுவிட்டாள். ஒன்பதாம் வகுப்போடு நின்ற கலாராணிக்கு, படிப்பு எப்படி நிற்கும் என்று தெரியும். ஒரு கிழமை, இரண்டு கிழமை, பிறகு தானாகவே நின்றுவிடும். கெஞ்சினாள், கத்தினாள். கடைசியில் மகள் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"நீங்க டீச்சர் மொகத்துக்கு நேரா கேக்கணும், ஏன் அடிச்சீங்கன்னு. எனக்கு முன்னால கேக்கணும். கேட்டா போறேன்."

"கேக்குறேன்டி."

"சும்மா சொல்லுவீங்க. அங்க போனா சேர், சேர்னு நிப்பீங்க."

கதவு திறந்தது. அதிபர் ரவிகுமார் தன் மேசைக்குப் பின்னால் இருந்தார். பக்கத்துக் கதிரையில் செசிலியா டீச்சர், மடியில் கைப்பையோடு. யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். சனிக்கிழமைகளில் காசு வாங்காமல் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். லதுஷாவும் அந்த வகுப்புக்குப் போனவள்தான். டீச்சர் லதுஷாவின் விரலை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பார்வையை எடுத்துக்கொண்டார்.

"வாங்க, உக்காருங்க. புள்ளையும் உக்காரட்டும்" என்றார் அதிபர். டைப் செய்த கடிதம் ஒன்றைக் கலாராணியின் பக்கம் தள்ளினார். "இது ஒன்னுமில்ல. பிள்ளை படியில விழுந்ததாகவும், ஆஸ்பத்திரியில பதட்டத்துல மாத்திச் சொன்னதாகவும் போட்டிருக்கு. கையெழுத்து மட்டும்தான். மத்தத நான் பாத்துக்கிறேன்."

"சேர்..." என்றாள் கலாராணி. சொல்லிவிட்டு மகளைப் பார்த்தாள். அவள் சுவரில் இருந்த வகுப்பு நேரசூசியைப் படிப்பதுபோல் இருந்தாள். கலாராணி கடிதத்தைத் திருப்பித் தள்ளினாள். "இல்லீங்க. எம்புள்ள விழல. நான் டீச்சர்கிட்ட ஒரு விசயம் கேக்கணும்."

தன் குரல் இவ்வளவு தெளிவாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதிபர் பெருமூச்சு விட்டு எழுந்து, அலுமாரியைத் திறந்து ஒரு கோப்பை எடுத்தார். புரட்டினார். எச்சில் தொட்டு மறுபடி புரட்டினார்.

"அதுக்கு முன்னாடி இத பாருங்க. ஒங்க கையெழுத்துதானே?"

அவளுடையதுதான். சுழித்து எழுதுகிற "ணி"யை யாரும் திருட முடியாது. வருடத் தொடக்கத்தில் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். அடிக்கக்கூடாது என்று மேலிடத்திலிருந்து சுற்றுநிருபம் வந்திருக்கிறது, நாங்கள் கையைக் கட்டிக்கொண்டால் உங்கள் பிள்ளைகள் எங்கே போய் நிற்கும் என்று கேட்டு, ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். ஒழுக்கத்துக்காகப் பள்ளிக்கூடம் எடுக்கும் நடவடிக்கைகளுக்குச் சம்மதம் என்றிருந்தது. கீழே, "பெற்றோர் மேலதிகமாகக் கூற விரும்புவது" என்று மூன்று புள்ளிக்கோடுகள். மற்றவர்கள் அதை வெறுமையாக விட்டுவிட்டார்கள். கலாராணிக்கு வெறுமையாக விடுவது மரியாதையில்லை என்று பட்டது. எழுதத் தெரிந்தவள் என்று காட்டிக்கொள்ளவும் ஆசை. அழகாக எழுதினாள்: "கண்ணை மட்டும் விட்டுவிட்டு எங்கு வேண்டுமானாலும் அடியுங்கள். பிள்ளை படித்தால் போதும்."

பிள்ளையைச் சேர்க்க வரும் எல்லாத் தாய்மாரும் வாத்திமாரிடம் சொல்கிற பேச்சு. கிளம்புகிற விருந்தாளியிடம் இருந்து சாப்பிட்டுப் போங்க என்பதைப் போல. யாரும் அதைக் கேட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உட்காருவதில்லை.

"இது... இது மரியாதைக்கி எழுதுனது சேர்."

"மரியாதைக்கா? சட்டப்படி அடிக்கக்கூடாதுன்னுதான் நாங்க எழுத்துல வாங்கினோம். நாளைக்கு பொலிஸ்ல இத காட்டுனா யாருக்கு வெட்கம்? நீங்களே சொல்லுங்க."

"மரியாதைக்கு எழுதினதை நாங்களும் மரியாதையாத்தான் எடுத்தம்" என்றார் டீச்சர். குரலில் குத்தல் இல்லை. களைப்புத்தான் இருந்தது. "நான் கோவத்தில அடிக்கேல்ல அம்மா. விரல் முறியுமெண்டு நினைச்சும் அடிக்கேல்ல. கன்னியாஸ்திரிமார் எங்களுக்கு மட்டத்தாலதான் எழுத்துப் படிப்பிச்சவை. நான் இண்டைக்கு டீச்சரா இருக்கிறன். வேற மாதிரிப் படிப்பிக்க எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்ல."

கலாராணி தன் சுழித்த எழுத்தையே பார்த்தாள். இவர்களிடம் எப்படிச் சொல்வது. வாயில் வருவதைத் தாளில் எழுதினால் அது வேறு ஆகிவிடும் என்று அவளுக்கு யார் சொல்லித்தந்தார்கள். இவர்களுக்குத்தான் தெரியாதா, இந்த ஊரில் எந்தத் தாயும் அப்படித்தான் பேசுவாள் என்று. தெரியும். தெரிந்துதான் வாங்கி வைத்திருக்கிறார்கள். தெரிந்தே புள்ளிக்கோடு போட்டிருக்கிறார்கள். டீச்சர்மேல் கோபப்படலாம் என்றால் அவர் பாவமாக இருக்கிறார். அதிபர்மேல் கோபப்படலாம் என்றால் தாள் தன்னுடையது. ஆட்டோவில் போனவன்மேல் கோபப்பட்டால் யாருக்குக் கேட்கும்.

தாள் அசைகிற சத்தம் கேட்டது. லதுஷா அதை எடுத்திருந்தாள். இடது கையால் பிடித்து, உதட்டை அசைக்காமல் படித்தாள். இரண்டே வரி. ஆனால் நெடுநேரம் படித்தாள்.

"அது அப்படியில்லடி" என்றாள் கலாராணி. "அது சும்மா..."

மகள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கலாராணி சட்டென்று டீச்சர் பக்கம் திரும்பினாள். நாற்காலி கிரீச்சிட்டது. "நான் என்னமும் எழுதிட்டுப் போறேன் டீச்சர். நான் படிக்காதவ. நீங்க படிச்சவங்க. எழுதியிருந்தா அடிச்சிருவீங்களா? மருதாணி வச்சது நான். என்னைய கூப்பிட்டு ஏசியிருக்கலாமே. எம்புள்ளைய ஏன் அடிச்சீங்க?"

டீச்சரின் வாய் திறந்தது. ஆனால் அவர் கலாராணியைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தார். அதிபரும் அங்கேதான் பார்த்தார்.

தாள் மேசையில், கடிதத்தின்மேல், ஓரங்கள் ஒத்து வைக்கப்பட்டிருந்தது. லதுஷா இருந்த கதிரை காலி. கதவு திறந்திருந்தது. வெளியே இடைவேளை மணி அடித்து, முற்றம் முழுக்க வெள்ளைச் சீருடைகள் கொட்டிக் கிடந்தன. ஒரு பக்கம் வகுப்பறைகளுக்கு ஏறும் படி, மறுபக்கம் கேட். நடுவில், கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி லதுஷா நடந்துகொண்டிருந்தாள். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. பின்னல் இரண்டும் முதுகில் ஆடின. கலாராணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதற்குள் இரண்டு வரிசைப் பிள்ளைகள் குறுக்கே ஓடின. பிறகு அவள் எந்த வெள்ளையோடு கலந்தாள் என்று தெரியவில்லை.