ஓணான் பாக்குற நாற்காலி

நாரணாபுரத்துக்கும் ஆமத்தூருக்கும் நடுவுல, ராஜபாண்டியன் பட்டாசுக் கம்பெனி வேலியோரத்துல இருக்கிற விசிறி ஓணான் யாராவது பாத்துக்கிட்டு இருந்தாத்தான் இருக்கும். பாக்க ஆளில்லன்னா இருவது நிமிசத்துக்கு ஒண்ணுன்னு இல்லாமப் போயிரும். ஒளிஞ்சுக்கிடும்னு நெனைக்காதீக. போனது போனதுதான்.

இத மொதல்ல கண்டுபிடிச்சது ஜாஸ்பின் டீச்சர். சிவகாசியில ஒரு பள்ளிக்கூடத்துல பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்காக, லீவு நாள்ல ஆராய்ச்சி. பட்டாசுக் கம்பெனியில ஒரு ரூமுக்கும் அடுத்த ரூமுக்கும் இடையில, வேலியச் சுத்தி, இம்புட்டு எடம் சும்மா கெடக்கணும்னு சட்டம் இருக்குல்லா. அப்படிச் சும்மா கெடந்த கரட்டு மண்ணுலதான் இந்தச் சாதி ஓணான் தங்கியிருந்துச்சு. வெரல் நீளம்தான். ஆணுக்குத் தொண்டையில நீல விசிறி விரியும். வேற எங்கனயும் கெடையாது. 2022 சனவரியில டீச்சர் எண்ணுனப்ப நாப்பத்திமூணு. வேப்பமரத்தடியில திரும்பி உக்காந்து புளிச்சோறத் தின்னுட்டுப் பாத்தா நாப்பத்திரெண்டு. மறுநாளும் எண்ணி, திரும்பி உக்காந்து, திரும்பவும் எண்ணுனாக. அஞ்சாவது நாள் சோறு கொண்டு போகல.

அன்னையில இருந்து அவுகளுக்கு இருப்புக் கொள்ளல. பொழுது விழுந்தா ஓணான் வளைக்குள்ள போயிரும், அந்த நேரம் கணக்குல வராது. வெளிச்சம் இருக்கிற வரைக்கும் ஒரு சோடிக் கண்ணு வேணும். டீச்சர் இருந்த லீவையெல்லாம் போட்டாக. வீட்டுக்காரர் இன்பராஜ் விருதுநகர்ல ஆஸ்பத்திரி நர்சு. டூட்டி இல்லாத அன்னைக்கு அவரு போயி நின்னாரு. ஒருநா வெயில்ல அசந்து கண்ணை மூடிட்டாரு, ரெண்டு போச்சு. அதுக்கு மூணு நாள் வீட்டுல பேச்சு இல்ல. சர்ச்சுக் கோயில்ல பாட்டுப் பாடும்போதுகூட டீச்சர் கழுத்து வேலிப்பக்கமே திரும்பும். எண்ணிக்கை முப்பத்திநாலுக்கு வந்தப்ப, இனி லீவு கேட்டா வேற ஆளப் போட்டுக்கிடுறேன்னு ஹெச்.எம். சொல்லிட்டாக.

கேமரா வைக்கலாம்னா, கம்பெனிக்குள்ள செல்போனே விட மாட்டாக. கேட்டுல செல்லச்சாமின்னு ஒரு வாட்ச்மேன். யாரு வந்தாலும் போனை வாங்கி வச்சு, நோட்டுல பேரு எழுதி, செம்புத் தகட்டத் தொடச் சொல்லித்தான் உள்ள விடுவாரு, ஒடம்புல இருக்கிற கரண்டு மண்ணுல எறங்கணுமுல்ல. ஒத்தப் பொறிக்கு ஊரே போயிரும். அதனால கேமராப் பேச்சையே எடுக்க முடியாது.

ஓணான், பல்லியெல்லாம் காப்பாத்துறவுக உலகம் பூராவும் சேந்து ஒரு குழு வச்சிருக்காக. டீச்சர் அவுகளுக்கு ஒரு பக்கத்துக்கு எழுதிப் போட்டாக. கிறுக்குன்னு சிரிப்பாகன்னுதான் நெனச்சாக. ஆனா ஆதாரம் எங்கன்னு யாருமே கேக்கல. இது எந்த நாட்டுல எந்தத் தவளைக்கு ஏற்கெனவே நடந்துச்சுன்னு பதினாலு பேரு பதில் எழுதியிருந்தாக. பெரு நாட்டுல இருந்து மார்த்தான்னு ஒரு அம்மா, கேமரா வேண்டாம், அங்கன ஒரு நாற்காலி போடுங்க, நேரத்த மட்டும் சொல்லுங்கன்னு எழுதுனாக.

பிளாஸ்டிக் நாற்காலியில கரண்டு ஏறும், ஆகாதுன்னுட்டாரு செல்லச்சாமி. இன்பராஜ் கோயில்ல இருந்து ஒரு பழைய மர நாற்காலியக் கேட்டு வாங்கிட்டு வந்தாரு. முறை போட்டு, நாட்டுக்கு நாடு நேரம் பிரிச்சாக. அவனவன் அவன் ஊருல, அவன் வீட்டுல, அந்த நேரத்துக்கு ஒரு நாற்காலியில உக்காந்து கண்ணத் தொறந்து வச்சிருப்பான். அவன் கண்ணுக்கு இந்த வேலியோரம் தெரியும், இங்கன இந்த நாற்காலி சூடாகும். தொட்டுப் பாத்தா இப்பத்தான் ஆளு உக்காந்த மாதிரி இருக்கும். செல்லச்சாமி நோட்டுல அம்புட்டுப் பேரையும் ஏத்திட்டாரு. ஆளு மாறும்போதெல்லாம் நாற்காலியத் தூக்கிட்டுப் போயி அதோட காலத் தகட்டுல தொட வச்சுக் கொண்டாந்து போடுவாரு. நார்வேயில இருந்து இங்கிரிட் வர்ற நேரம் நாற்காலியில பனி பூத்திருக்கும். திரி வெட்டுற ரூம் பொன்னுத்தங்கம் அதுல கையத் தடவி முகத்துல ஒத்திக்கிடுவா.

ஒண்ணரை வருசத்துல முப்பத்திநாலுல மூணுதான் கொறஞ்சுச்சு. ஆனாலும் டீச்சருக்கு நம்பிக்கை வரல. எடைவேளைக்கு ஸ்கூட்டிய எடுத்துக்கிட்டு வந்து நாற்காலியத் தொட்டுப் பாத்துட்டுப் போவாக. போன தடவையும் இப்பிடித்தான, இன்னும் எத்தன தடவ தொட்டுப் பாப்பீகன்னு பொன்னுத்தங்கம் கேட்டா. நீ வேலையப் பாருன்னாக டீச்சர்.

2023 அக்டோபர்ல தங்கச்சி ரீனா பேத்திக்கு நாகர்கோயில்ல ஞானஸ்நானம். போகலன்னா ஒறவே முறியும்னு இன்பராஜ் சொல்ல, டீச்சர் ரெண்டு நாள் போனாக. பஸ்ஸுல சீட்டு நுனியிலயே உக்காந்துட்டுப் போயி, அப்படியே திரும்பி வந்தாக.

வந்து பாத்தா ரெண்டே ரெண்டு ஓணான்.

நடுவுல ஆயுத பூசை வந்திருக்கு. கம்பெனியில அன்னைக்குக் கத்தி, தராசு, வண்டின்னு வேலைக்கு ஒதவுறது எல்லாத்தையும் கழுவிப் பொட்டு வைப்பாக. காலையில எட்டே காலுக்கு நாற்காலியையும் உள்ள தூக்கிட்டுப் போயி, கழுவி, சந்தனம் குங்குமம் வச்சு, சாமி படத்தைப் பாக்கத் திருப்பிப் போட்டிருக்காக. சாயந்தரம் ஆறு மணிக்குத்தான் திரும்ப வேலிக்கு வந்திருக்கு.

"யாரைக் கேட்டு எடுத்தீக?" டீச்சர் கேட்டாக.

செல்லச்சாமி தலையைச் சொறிஞ்சாரு. "வெளியூர்க்காரக, மேடம். நம்ம எல்லாரும் உள்ள பூசையில இருக்கும்போது அவுகள மட்டும் வெயில்ல உக்கார வைக்கச் சொல்லுதீகளா?"

அன்னைக்கு முறைக்காரக நாலு பேரு. நாலு பேரும் கடைசி வரைக்கும் எந்திரிக்கல. ஒரு எலுமிச்சம்பழமும் பொரியும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு, எந்திரிச்சா நாற்காலி காலியாயிருமேன்னு உக்காந்தே இருந்தேன், மன்னிச்சுருங்கன்னு இங்கிரிட் எழுதியிருந்தாக.

டீச்சர் வேலைய விடுறதுக்குக் கடுதாசி எழுதிட்டாக. இனி நானே பாத்துக்கிடுதேன், யாரும் வேண்டாம்னு குழுவுக்கும் எழுதிப் போட்டாக. பத்து நிமிசத்துல மார்த்தாகிட்ட இருந்து பதிலு. இன்பராஜ் சத்தமா வாசிச்சாரு: "நீ தனியாப் பாத்தா, உனக்குக் காய்ச்சல் வர்ற அன்னைக்கு எல்லாம் முடிஞ்சுது. நாங்க தப்புப் பண்ணத்தான் செய்வோம். ஆனா எங்க எல்லாருக்கும் ஒரே நாள்ல காய்ச்சல் வராது."

வேலைய விடுற கடுதாசி டீச்சர் பைக்குள்ளயே கெடந்துச்சு.

மறுநா காலையில வேலிக்குப் போனா, பொன்னுத்தங்கம் வேலைக்குப் போகாம நாற்காலி பக்கத்துல நிக்கா. "சந்தனம் வச்சது நாந்தான். என் பேரையும் முறைத் தாளுல எழுதுங்க, சாப்பாட்டு நேரத்துக்கு. சும்மா உக்காந்து சோறு திங்கதுக்கு, பாத்துக்கிட்டே திங்கேன்."

அவளுக்குப் பின்னால திரி ரூம், பெட்டி ஒட்டுற ரூம்னு பதினோரு பொம்பளைக பேரு குடுத்தாக. முறைத் தாளு புதுசா அச்சாகி உலகம் பூரா போச்சு. அதுல பின்லாந்துக்கும் கென்யாவுக்கும் நடுவுல பொன்னுத்தங்கம், நாரணாபுரம்னு இருக்கு. அன்னைக்குக் குழுவுல இருக்கிற இருநூத்திப் பன்னெண்டு பேரும் முறை பாக்காம ஒரே நேரத்துல உக்காந்துட்டாக. ஒத்த நாற்காலி பத்தாம, வேலியோரம் பூரா மண்ணு அங்கங்க ஆளு உக்காந்த மாதிரி குழி குழியா அமுங்குச்சு. வெடிமருந்து ரூம்காரக தள்ளித்தள்ளிக் கால் வச்சுப் போனாக. அந்த ரெண்டு ஓணானும் வளையில இருந்து வந்துச்சுக. ஆணு விசிறிய விரிச்சுச்சு. டீச்சர் கண்ணைத் தொடைக்கிறதுக்காக முகத்தத் திருப்புனாக. மொத மொறையா, திரும்பிப் பாத்து எண்ணல.

தை மாசம் ஒம்போது குஞ்சு. அடுத்த வருசம் முப்பது. இப்ப எழுவத்தாறு. கம்பெனி லைசென்சு சோதனைக்கு வந்த அதிகாரி நாற்காலியத் தொட்டுப் பாத்துட்டு, ஆள் உண்டுன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. ராஜபாண்டியனும் கம்பெனி வரைபடத்துல அந்த எடத்துக்குப் பார்வையாளர் பகுதின்னு பேரு போட்டுட்டாரு.

குழுவுல சேந்தா திருப்பியும் செய்யணுமுல்ல. பசிபிக் தீவு ஒண்ணுல ராத்திரியில நடமாடுற ஒரு மரநத்தை இருக்கு. அதுக்குச் சனிக்கெழம மத்தியானம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் ஜாஸ்பின் டீச்சர் முறை. அடுப்படியில நாற்காலியப் போட்டு, சொவரப் பாத்து உக்காந்துருவாக. அரைமணி நேரத்துல வீடு பூரா ஈர எலை வாசம் அடிக்கும், சேலைக் கரை நனையும். எந்திரிக்கணும்னு காலு துறுதுறுங்கும், எந்திரிக்க மாட்டாக. இன்பராஜ் டூட்டி முடிஞ்சு வந்தா, பார்வைக்குக் குறுக்க போகாம, சொவத்தோரமா முதுகச் சாச்சு நடந்து போயி, பானையில தண்ணி மோந்து குடிச்சுக்கிடுவாரு.